படகு ஆயில் குடித்த வண்டி

என் மனைவியின் தம்பி அப்போது எங்கள் வீட்டில்தான் குடும்பத்தோடு இருந்தான். ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவன் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அவன் பைக் மக்கர் பண்ணி, தினமும் வேலைக்குத் தாமதம். "இன்னொரு வாட்டி லேட்டா வந்தா அப்படியே வூட்டுக்குப் போய்டு" என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். அவன் பெண்சாதி மாசமாக இருந்தாள்.

"வண்டி உறுமுது மாமா, ஆனா ஏற மாட்டேங்குது. ஏரிப் பாலத்து மேட்டுல பாதிக்கு மேல எறங்கித் தள்ளிக்கினு போறேன்" என்றான்.

பொன்னேரி மெக்கானிக்கிடம் விட்டால் திங்கட்கிழமைக்குள் வண்டி வராது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் அம்மனை மனதில் நினைத்துக்கொண்டு நானே ஸ்பேனரை எடுத்தேன்.

எங்கள் உப்புக்காற்றில் முதலில் கெட்டுப்போவது கேபிள்தான். ஆனால் கிளட்ச் கேபிள் இறுகாமல் ஓடியது, பிடியில் கொஞ்சம் தளர்வும் சரியாக இருந்தது. அப்படியானால் கோளாறு உள்ளே. ஆயில் மூடியைத் திறந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த வாசனை.

"இது நம்ம படகு ஆயில் மாதிரி இருக்கே. யாரு ஊத்தினது?"

அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள். "நான்தான் தம்பிய ஊத்தச் சொன்னேன். பூஜைக்குப் படகு இஞ்சினுக்குப் புது ஆயில் மாத்துனியே, மிச்சம் இருந்துச்சு. படகுக்குப் பண்ணா வண்டிக்குப் பண்ண வேணாமா? அதுவும்தான சோறு போடுது?"

வண்டியில் கிளட்ச் தகடுகள் ஆயிலுக்குள்ளேயே கிடந்து ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். அந்த டீசல் இஞ்சின் ஆயில் அந்தப் பிடியை வழுக்க விட்டுவிட்டது. இதைச் சொன்னதும் தம்பி சிரித்தான்.

"எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டி உட்டுட்டியே அக்கா! அது எங்க கையப் புடிக்கும்?"

"போடா! வண்டி நல்லா இருக்கணும்னுதான பண்ணேன்" என்றவளின் முகம் வாடிவிட்டது.

ஆயிலை வடித்து, வலப்பக்க இஞ்சின் மூடியைக் கழற்றி, தகடுகளை எடுத்த வரிசை மாறாமல் சாக்கின் மேல் அடுக்கினேன். கருகல் வாடை அடித்தது. தேயவில்லை, ஆனால் கண்ணாடிபோல் மினுமினுத்தன. பெட்ரோலில் கழுவினோம். உப்புத்தாளை என் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள். மீனுக்குச் செதில் எடுக்கும் அதே மணிக்கட்டுதான். ஒவ்வொரு தகட்டையும் பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும், ஆழம் போகாமல் தேய்த்தாள்.

மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் அட்டை கிழிந்திருந்தது. அதே அளவில் வெட்டிப் போட வீட்டில் கெட்டியான அட்டை என்று பார்த்தால் முருகர் காலண்டர்தான். "சாமி மேல கத்திரி வெக்காத" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். தம்பி தன் புதுச்சட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதை வெட்டிப் பொருத்தி, வண்டிக்கு உரிய ஆயிலில் தகடுகளை ஊறவைத்து, மூடி, புது ஆயிலை ஊற்றினோம்.

திங்கள் விடியலில் நான் பாலத்துக்குப் பக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு, துடுப்பு போட்டபடி படகில் இருந்தேன். அவன் வண்டிச் சத்தம் மேட்டில் ஏறியது. அவன் எப்போதும் இறங்கித் தள்ளும் இடம் வந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டேன். வண்டி உறுமவில்லை, ஒரே சீராக ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. அம்மா தாயே என்று அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் வந்தவன், "மேஸ்திரி கடிகாரத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல" என்றான்.

"அடுத்த பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு மட்டும்தான் வெப்பேன்" என்று சொல்லிவிட்டு, என் மனைவி அவனுக்குச் சோறு போட உள்ளே போனாள்.