மிர்த்தா சொன்னால் வால்டெமர் சொன்ன மாதிரி

வால்டெமர் இரியார்த்தேயை ஒன்பது கால்பந்து கிளப்புகள் வேலையை விட்டு அனுப்பியிருக்கின்றன. எங்கள் சலதேரோ கிளப் மட்டும் இரண்டு தடவை அனுப்பியது. மூன்றாம் தடவையும் நாங்களே போய்க் கூப்பிட்டோம். வேறு யாரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள்.

என் பெயர் ஓர்லாந்தோ. ஆட்டக்காரர்களுக்குக் கால் நீவி விடுவது என் வேலை. வால்டெமரும் நானும் உருகுவே நாட்டின் பய்சாந்தூவில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இருவரின் அப்பாக்களும் இறைச்சி ஆலையில் ஒரே ஷிஃப்ட். அவனுக்குக் கால் நீளம், கழுத்தும் நீளம். தெருவில் எல்லோருக்கும் அவன் கொக்கு. நடுத் தடுப்பில் நின்றானென்றால் தலைக்கு மேலே வருகிற பந்து ஒன்றும் அவனைத் தாண்டாது. இருபது வயதில் மொந்தேவிதேயோ போனான், இருபத்தாறில் எக்வடோர். அங்கே குவாயாகீலில் ஒரு நல்ல கிளப்.

அங்கிருந்து சனிக்கிழமைதோறும் அம்மாவுக்கு டெலிஃபோன் செய்வான். வீட்டில் ஃபோன் கிடையாது. அம்மா எங்கள் ஊர் டெலிஃபோன் ஆபீசுக்கு வந்து இரண்டாம் நம்பர் கூண்டுக்குள் காத்திருப்பாள். லைன் போட்டுக் கொடுப்பது மிர்த்தா. மிர்த்தாவுக்கு வால்டெமரைத் தெரியாது, பந்தாட்டமும் பிடிக்காது. ஆனால் ஒன்றரை வருஷமாக அவன் குரல் அவள் காது வழியாகத்தான் அம்மாவிடம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை, "எல்லாம் நல்லாருக்கும்மா, நாளைக்கு மேட்ச் இருக்கு" என்று சொன்னான். அம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டாள். பிளக்கை உருவி லைனை எடுக்கப் போன மிர்த்தாவுக்கு அந்தப் பக்கம் ஆள் அழுவது கேட்டது.

"ஐயா, லைன் இன்னும் இருக்கு" என்றாள்.

"மன்னிச்சுக்கங்க. எடுத்துடுங்க."

"எடுக்கலாம். அவசரமில்ல. நீங்க அழுது முடிச்சிட்டு சொல்லுங்க, அப்ப எடுக்கறேன்."

அவளிடம்தான் முதலில் சொன்னான். பத்து நாளுக்கு முன்னால் முழங்கால் போய்விட்டது. இரண்டு டாக்டர் பார்த்தாயிற்று. இனிமேல் ஓட முடியாது. வயது இருபத்தெட்டு. அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவன் ஊர் வந்து சேருகிற வரைக்கும், இரண்டு மாசம், அந்த விஷயம் இந்த ஊரிலேயே மிர்த்தா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மூச்சு விடவில்லை. அவன் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, தோளுக்கடியில் கட்டையை ஊன்றிக்கொண்டு நேரே டெலிஃபோன் ஆபீசுக்குத்தான் போனான். மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தை பேசுங்க" என்றான். மிர்த்தா, "கட்டையை வழியில வைக்காதீங்க" என்றாள். அவள்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் கல்யாணம். குழந்தை தங்கவில்லை, மூன்று தடவை பார்த்துவிட்டு, போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஓடத் தெரிந்தவனுக்குக் கால் போனால், அடுத்தவனை ஓடச் சொல்லிக் கத்துவதுதான் மிச்சம். வால்டெமர் பயிற்சியாளன் ஆனான். வடக்கே, கிழக்கே, ஒரு வருஷம் பொலிவியாவில்கூட. லாரியில் அலமாரியும் குளிர்ப்பெட்டியும் ஏற்றுவது, ஒரு வருஷம் கழித்து அதே லாரியில் திரும்ப ஏற்றுவது. ஒரு ஊரில் ஜனங்கள் அவன் மேல் ஆரஞ்சுப் பழம் வீசினார்கள். மிர்த்தா மறுநாள் மைதானத்துக்குப் போய், நசுங்காததையெல்லாம் பொறுக்கி வந்து ஜாம் கிளறினாள்.

கத்தல் என்றால் அப்படியொரு கத்தல். "கொக்கு ஆஃப்சைடுன்னு கத்துனா, ஆத்துக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாக்காரன் தூண்டிலைக் கீழ போட்டுட்டுக் கையைத் தூக்கறான்" என்று கிளப்பில் சொல்வார்கள். கத்தலில் பாதி கெட்ட வார்த்தை. திட்டு வாங்காத ஆட்டக்காரன் தனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுவான்.

ஐம்பத்தெட்டு வயதில் அந்தக் குரல் கரகரத்தது. சிகரெட் என்றான், குளிர் என்றான். இரண்டு மாசம் பார்த்துவிட்டு, ஒரு நாள் நானும் மிர்த்தாவும் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து மொந்தேவிதேயோ பஸ்ஸில் ஏற்றினோம். தொண்டையில் கட்டி. உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பகல் முழுக்க வால்டெமர் பேசிக்கொண்டே இருந்தானாம். என்ன பேசினான் என்று மிர்த்தா யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு துவாரம், அதன் மேல் சின்னத் துணி. உதடு அசையும், சத்தம் வராது. கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று கொடுத்தார்கள். அதை ஒரே ஒரு தடவை வைத்துப் பேசினான். காப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம் வந்தது, அடுத்த வீட்டு நாய் குரைத்தது. மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். சூப்பை ஊதி ஆற்றக்கூட மூச்சு வாய் வழியாக வராது. மிர்த்தாதான் கரண்டியில் எடுத்து ஊதிக் கொடுப்பாள். அவள் ஊதுகிற வரைக்கும் அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

கிளப்பில் கூட்டம் போட்டார்கள். தலைவர் டோன் எபெர், மருந்துக்கடைக்காரர், கெட்ட மனுஷர் இல்லை. "வாய் பேச முடியாத ஆள் எப்படிப்பா டீமை நடத்தறது? அவனுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்" என்றார்.

கேப்டன் லெதெஸ்மா எழுந்தான். பகலெல்லாம் ரொட்டி சுடுகிறவன், புருவத்தில் எப்போதும் மாவு இருக்கும். "டோன் எபெர், மூணு வருஷமா அவர் கத்தி நாம கடைசி இடம். கத்தாம ஒரு வருஷம் பாத்தா என்ன கெட்டுப்போச்சு? கடைசிக்கும் கீழ இடம் இருக்கா?"

சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அவன் உதட்டைப் பார்த்து நான் கத்துவது என்று ஏற்பாடு. முதல் மூன்று ஆட்டமும் தோற்றோம். அதில் ஒன்று முழுக்க என்னால். "இடது" என்று அவன் சொன்னதை "இறங்கு" என்று படித்துவிட்டேன். மொத்த டீமும் பின்னால் இறங்கியது, எதிராளி நடந்து வந்து கோல் போட்டான். வால்டெமர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். என்னைப் பார்த்து நீளமாக என்னவோ சொன்னான். அதை மட்டும் நான் பிசகாமல் படித்தேன்.

நாலாவது ஆட்டத்துக்கு மிர்த்தா வந்தாள். வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கி, கையில் எங்கள் ஊர் மூலிகை டீயான மாத்தே பாத்திரத்தோடு நேராக பெஞ்சுக்கு நடந்து வந்தாள்.

"ஓர்லாந்தோ, கொஞ்சம் தள்ளி உக்காரு."

"மிர்த்தா, உனக்குப் பந்தாட்டமே தெரியாதே!"

"அதான் நல்லது. நானா எதையும் சேக்க மாட்டேன்."

அவள் கத்தவில்லை. டெலிஃபோன் ஆபீசில் பல வருஷம் இருந்தவள். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் துடைத்து எடுத்து வைக்கிற குரல். அந்தக் குரல் மைதானத்தின் மறுகோடி வரைக்கும் போனது. "அஞ்சாம் நம்பர், தயவுசெஞ்சு பின்னாடி வரீங்களா?" என்றாள். அஞ்சாம் நம்பர் கபானியாஸ், பஸ் ஓட்டுகிறவன். பாதி ஓட்டத்தில் நின்று, தன்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தான். "உங்களைத்தான் கண்ணு."

வால்டெமரின் உதட்டில் வந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதில் தயவு எதுவும் இல்லை, கபானியாஸின் பரம்பரைதான் இருந்தது.

பத்து நிமிஷத்தில் எங்கள் ஆட்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பெஞ்சில் கத்தல் இல்லாததால் ஒருத்தன் சொல்வது மற்றவனுக்குக் கேட்டது. "வரான் வரான்", "விடு, நான் பாத்துக்கறேன்" என்று அவர்களே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்த ஆட்டம் சமன். அதற்கடுத்தது ஜெயித்தோம். அதற்கடுத்ததும்.

ஒரு ஞாயிறு, எங்களுக்கு வரவேண்டிய பெனால்டியை ரெஃப்ரி தரவில்லை. வால்டெமர் எழுந்து நின்று உதட்டை அசைத்த வேகத்தில் கழுத்துத் துணியே பறந்தது. ரெஃப்ரி பெஞ்சுக்கு ஓடி வந்தார்.

"அம்மா, இவர் என்னை ஏதாவது சொன்னாரா?"

"உங்க அம்மாவைப் பத்திக் கேட்டாரு. நல்லா இருக்காங்களான்னு."

ரெஃப்ரி அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நல்லா இருக்காங்கன்னு சொல்லுங்க" என்று போய்விட்டார்.

கடைசி ஆட்டம் மழையில். ஜெயித்தால் லீகில் மூன்றாம் இடம். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் எட்டிப் பார்க்காத இடம் அது. இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தோம், ஏழெட்டு நிமிஷம் மிச்சம். லெதெஸ்மா நொண்டிக்கொண்டிருந்தான். அவனை எடுப்பதா விடுவதா என்று எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள்.

வால்டெமர் மிர்த்தா பக்கம் திரும்பி உதட்டை அசைத்தான். மெதுவாக, சின்னதாக. மிர்த்தா உடனே மைதானத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த மாத்தே பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்து அவன் கழுத்துத் துணியில் பட்ட மழையை ஒற்றினாள்.

"என்ன சொல்றாரு வாத்தியாரு?" லெதெஸ்மா அங்கிருந்து கத்தினான். "இருக்கவா, வரவா?"

"அது உங்களுக்கில்ல" என்றாள் மிர்த்தா. அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக அவள் குரல் சரியாக வரவில்லை. வால்டெமர் மறுபடி உதட்டை அசைத்தான். "இருங்கன்னு சொல்றாரு. பந்தை மட்டும் வெளிய அடிச்சுக்கிட்டே இருங்க!"

முதலில் அவன் சொன்னதை நானும் படித்துவிட்டேன். எட்டு மாசம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அவ்வளவுகூட வராதா? "நீ இல்லேன்னா நான் பேசாமலே போயிருப்பேன், பொண்ணே" என்றான். நான் மருந்துப் பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடினேன்.

ஜெயித்துவிட்டோம். மூன்றாம் இடத்துக்கு யாரும் கோப்பை தருவதில்லை. டோன் எபெர் தன் கடையிலிருந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு சோப்பு கொடுத்தார்.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் ஓடியது. ஒரு தடவை நான்காம் இடம், ஒரு தடவை எட்டாம் இடம். யாரும் அனுப்பவில்லை. ஐந்தாம் வருஷம் குளிர்காலத்தில் மிர்த்தாவுக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்குவதால் பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. வால்டெமர் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவன் கேட்பது நர்சுக்குப் புரியவில்லை. காகிதத்தில் எழுதினால் அவசரத்தில் எழுத்து கோணியது. முதல் நாள் இப்படியே போயிற்று.

மறுநாள் நான் போனபோது கபானியாஸ் அங்கே நின்றான், பஸ் டிரைவர் சட்டையோடு. மத்தியானம் லெதெஸ்மா வந்தான். சாயங்காலம் கோல்கீப்பர். யார் சொல்லி ஏற்பாடு செய்தார்கள் என்று தெரியவில்லை, முறை வைத்து வந்தார்கள். ஐந்து வருஷம் பெஞ்சைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பதினோரு பேருக்கும் அவன் உதடு படிக்க வந்திருந்தது.

"ஜுரம் எத்தனைன்னு கேக்கறாரு" என்பான் லெதெஸ்மா. "அந்த ஊசி ராத்திரியும் உண்டான்னு கேக்கறாரு. ஜன்னல்ல காத்து வருது, மூடச் சொல்றாரு."

கபானியாஸுக்கு மட்டும் நாசூக்கு தெரியாது. சூப் கொண்டு வந்த நர்சிடம், "இந்தத் தண்ணிய நாய்க்கு வச்சா நாய் போலீசுக்குப் போகும்னு சொல்றாரு" என்று அப்படியே சொன்னான்.

கட்டிலில் இருந்து மிர்த்தா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினாள். பேசக் கூடாதென்ற உத்தரவு அவளுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. "கொஞ்சம் உப்பு கிடைக்குமான்னு கேக்கறாரும்மா."

வால்டெமர் சிரித்தான். சத்தம் இல்லை, தோள் இரண்டும் குலுங்கின, கண்ணில் தண்ணீர் வந்தது. நர்சு உப்பு எடுத்து வரப் போனாள்.

பதினான்காம் நாள் மிர்த்தா வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு ஞாயிறு, ஆனால் மழை கொட்டியதால் லீக் ஆட்டம் ரத்து. மழை பெய்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மாவை வட்டமாகத் தட்டிக் கொழுப்பில் பொரிப்பார்கள். வால்டெமர் அடுப்படிக்கு யாரையும் விடவில்லை, தானே செய்தான். முதல் நாலு கருகின, அடுத்த நாலு உள்ளே வேகவில்லை. டீம் முழுக்க அந்தச் சின்னக் கூடத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது. மிர்த்தா சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். லெதெஸ்மா, ரொட்டி சுடுகிறவன், கருகிய ஒன்றை எடுத்துக் கடித்து மென்று விழுங்கினான். "நல்லாருக்கு வாத்தியாரே, இன்னொண்ணு குடுங்க" என்றான். வால்டெமர் அவனுக்கு இரண்டாக எடுத்து வைத்தான்.