இறக்கத்தில் நிறுத்திய கார்

ஹட்டனில் ஒரு கராஜில் வயரிங் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி எனக்குக் காட்டியது பெட்டரியை அல்ல, வாசலிலிருந்த இறக்கத்தை. மாலையில் எல்லா வாகனங்களையும் கீழ்நோக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்போம். காலையில் கல்லை எடுத்து இரண்டாம் கியரில் உருளவிட்டு, கிளட்சை விட்டால் ஒரு குலுக்கு. இஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

"மலையே நமக்கு செல்ப் மோட்டர்டா. சாவி எதுக்கு?" என்பார் முதலாளி.

அந்தக் குளிரும் டீசல் புகையும் சிரிப்பும் இன்றும் மனதுக்கு இதமாகவே இருக்கின்றன. அதே பழக்கத்தோடுதான் ராகலையில் சொந்தமாகக் கடை போட்டேன். மகள் கந்தப்பளையில் ஆசிரியையானதும் வாங்கிய பழைய காரையும் இறக்கத்தில்தான் நிறுத்தச் சொன்னேன்.

ஒருநாள், காலையில் கார் கீச்சென்று கத்துகிறது என்றாள். குளிருக்கு பெல்ட் அப்படித்தான் என்றேன். பிறகு, வைப்பர் மெதுவாக அசைவதாகச் சொன்னாள். அதற்கும் குளிரையே காரணம் காட்டினேன். மூன்றாவது முறை, ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, எக்ஸிலேட்டரை மிதித்தால் பளிச்சென்று வருகிறது என்றாள். ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே மீட்டரை வைத்துப் பார்த்திருப்பேன். மகளிடம், "ஞாயித்துக்கிழம பாக்குறேம்மா" என்றேன். இரண்டு ஞாயிறுகள் போயின.

போன மாதம் பாடசாலை விட்டு வரும்போது கடும் பனி. லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றையும் போட்டிருக்கிறாள். பெல்ட் தளர்ந்து வழுக்கியதால் டைனமோ சரியாகச் சார்ஜ் பண்ணவில்லை. பெட்டரியில் இருந்த கொஞ்சமும் தீர்ந்து, ஏற்றத்து வளைவில் இஞ்சின் நின்றது. சிக்னல் லைட்கூட எரியவில்லை. பின்னால் லொறிச் சத்தம். மகள் இறங்கி, போன் டோர்ச்சை ஆட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தை நோக்கி ஓடியிருக்கிறாள். மரக்கறி லொறி காருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

லொறிக்காரர் என் பழைய வாடிக்கையாளர். அவர்தான் எனக்கு போன் எடுத்துச் சொன்னார்.

"பாஸ், புள்ளைக்கு ஒன்னுமில்ல. ஆனா ஒங்க வீட்டு காருக்கே இந்த கதின்னா, நாங்கள்லாம் யாருகிட்ட காட்டுறது?"

நான் போனபோது மகள் லொறியின் முன் சீட்டில் இருந்தாள். கோபப்படவில்லை.

"மூணு தடவ சொன்னேனேப்பா" என்றாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உருட்டி உருட்டியே ஸ்டார்ட் பண்ணியதால், பெட்டரி பலமிழந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. சாவியைத் திருப்பியிருந்தால், பெட்டரியின் பலத்தில் இஞ்சினைச் சுழற்றும் செல்ப் மோட்டர் முதல் வாரமே முக்கிக் காட்டியிருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாவியைத் திருப்பி, அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். லைட் மங்குவதையும் பெல்ட் கத்துவதையும் குளிரின் தலையில் போடாதீர்கள். சொல்வது வீட்டு ஆளாக இருந்தால் அன்றைக்கே பாருங்கள்.

இப்போது பெல்ட்டும் பெட்டரியும் புதிது. ஆனாலும் மகள் சாவியைத் திருப்பும்போது பக்கத்தில் நிற்கிறேன். ஒரே திருப்பில் பிடிக்கிறது. "போதுமாப்பா? நேரமாகுது" என்று கிளம்பிவிடுகிறாள். பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் போன் எடுத்துச் சொல்லும்வரை, கடையில் எந்த வண்டியின் பொனட்டையும் என்னால் திறக்க முடிவதில்லை.