சுவரில் ஐந்தாவது ஆள்

மண்ணெண்ணெயில் கரைத்த சிவப்புப் பெயின்டின் வாசனை எங்கே அடித்தாலும், உத்திரமேரூரில் பஸ் திரும்பும் முனையிலிருந்த எங்கள் வீட்டுப் பக்கச் சுவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. எழுபதுகளில் அதில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் வரைந்தார்கள்: தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம், பக்கத்தில் மீசை வைத்த அப்பா, பூ வைத்த அம்மா, ஒரு பெண், ஒரு பையன், கீழே 'இரண்டு போதும்'. நான்கு பேருக்கும் ஒரே சிரிப்பு. மேலிடத்தில் ஒப்புதல் பெற்ற சிரிப்பு.

பின்னாளில் நானும் அரசு வேலைக்குப் போய், தனியார் சுவரில் விளம்பரம் எழுத உரிமையாளர் சம்மதம், மாதிரிப் படம், மதிப்பீடு எல்லாம் எந்த வரிசையில் நகரவேண்டும் என்று மனப்பாடமாக அறிந்தேன். எங்கள் அப்பா, நாங்கள் கூப்பிட்டபடி சொன்னால் 'நைனா', செய்ததில் முறைப்படி ஒரு குறையும் இல்லை. வந்த அதிகாரியை நாற்காலி போட்டு உட்காரவைத்து, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அம்மா மூன்றாவதாக உண்டாகியிருந்தது மட்டும் அவருக்கு இன்னும் சொல்லப்படவில்லை. "வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்" என்றாளாம் அம்மா, அன்று சாயங்காலம்.

அப்படிப் பிறந்தவள் கலா. அதுவரை நாங்கள் அக்காவும் நானுமாக இரண்டே பேர் என்பதால், ஊர் அந்தச் சுவரை எங்கள் குடும்பப் படமாகவே பார்த்தது. "இன்னா நைனா, சொவத்துல ரெண்டு, வூட்ல மூணு, கணக்கு ஒதைக்குதே" என்று பஸ்ஸில் தொங்கியபடி கண்டக்டர் கேட்பார். மூன்றாவது வேண்டாம் என்பதற்கு அந்தப் படத்தில் ஒரு கோடுகூடக் கிடையாது. நான்கு பேர் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். வரையாமல் விட்ட இடத்தைத்தான் எல்லோரும் படித்தார்கள். எழுத்துப் படிப்பதற்கு முன்பே கலாவும் அதைப் படித்துவிட்டாள்.

ஐந்து வயதிருக்கும். "நான் எங்க கீறேன்?" என்று சுவரைக் காட்டிக் கேட்டாள். "நீ எங்க கீற? உன்ன மாகறல்ல தவுட்டுக்கு வாங்கினு வந்தோம்" என்றாள் அக்கா. எல்லா வீட்டிலும் சொல்கிற கேலிதான். மற்ற வீடுகளில் அதற்குச் சுவரில் சாட்சி இல்லை. கலா அழவில்லை. இரண்டு கவுனைத் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு, படத்தின் கீழே போய் உட்கார்ந்து, மாகறல் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. "எங்க அம்மா அங்க சோறு போடுவாங்க" என்றாள்.

அம்மா அடுப்பங்கரைக்குப் போய் ஒரு கரித்துண்டோடு வந்தாள். கலாவை எழுப்பி, பெயின்ட் பெண்ணுக்குப் பக்கத்தில் சுவரோடு நிறுத்தி, தலை, தோள், கவுன், கால் என்று சுற்றிக் கோடு இழுத்தாள்.

"கவர்மென்ட் படம்டி, கைய வைக்காத" என்று நைனா பதறினார்.

"எவனாவது வந்து கேட்டா என்னக் கூப்புடச் சொல்லு" என்றவள், கலாவின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "அவங்க நாலு பேரும் ஆபீசுல இருந்து வந்தவங்க. உன்னதான் நான் வரைஞ்சேன். வா, சோறு ஆறுது."

மழையில் கரி கரைந்துபோகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில் படத்தைத் தொடாமல் சுற்றி அடித்துவிட்டு, கலாவைப் புதிதாக வரைவது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. பெயின்ட் பிள்ளைகள் வளராமல் வெளுத்துக்கொண்டே இருந்தார்கள். கரிக்கோடு மட்டும் வருஷத்துக்கு வருஷம் உயர்ந்து, ஒரு பொங்கலில் பூ வைத்த அம்மாவையே தாண்டியது.

சாலையை அகலப்படுத்தியபோது அந்தச் சுவர் போயிற்று. இழப்பீட்டுக்கு எல்லாச் சான்றும் ஒழுங்காகச் சேர்த்த எனக்கு, அதை ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. கலா பிறப்பதற்கு முன் ஸ்டூடியோவில் எடுத்த நால்வர் படம்தான் இப்போது என் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு வரும்போதெல்லாம் கலா அதன் பக்கத்து வெற்றுச் சுவரில் முதுகை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு, ஒரு கணம் அசையாமல் நிற்கிறாள். என் வீட்டில் காஸ் அடுப்பு; கரி கிடையாது. எங்காவது தேடிப் பிடித்தாலும், கோடு இழுக்க அம்மா வேண்டும்.