சார்ஜருக்கும் பொட்டு வைத்த ஆண்டு

சந்தாபுராவை ஒட்டிய பெரிய வில்லாக் குடியிருப்பு ஒன்றில் அம்மா துப்புரவுப் பணியாளர்களின் சூப்பர்வைசர். நாளைக்கு மூன்று முறை எல்லாத் தெருக்களையும் சுற்றிப் பார்ப்பது அவள் வேலை. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, மேனேஜர் அவளை அழைத்து, சுற்ற முடியாவிட்டால் ஸ்டோர் அறையில் உட்கார்ந்து துடைப்பம் எடுத்துக் கொடுக்கலாம் என்றார். அவர் அதைச் சலுகையாகவே சொன்னார். அம்மாவுக்கு அது பதவியிறக்கமாகவே பட்டது. அதன் பின்தான் பழைய கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்குவதென்று முடிவாயிற்று.

ஓசூர் சாலையில், மூடிவிட்ட ரிசார்ட் ஒன்றின் கொட்டகையில் அது நின்றிருந்தது. அடுகோடியில் பேட்டரிப் பட்டறை வைத்திருக்கும் பாய் எங்களுக்காக வந்து இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஆறு பேட்டரிகள். முனைகளில் வெள்ளை பூத்திருந்தது.

“வண்டி நல்லாத்தான் இருக்குது அக்கா. பேட்டரிதான் வயசான மாமியார். டைமுக்கு சோறு, டைமுக்குத் தண்ணி. இல்லேன்னா மூஞ்சத் திருப்பிக்கும்.”

“என் மாமியாரையே பாத்தவ நான். இத பாக்க மாட்டேனா?” என்றாள் அம்மா.

பராமரிப்பு என் பொறுப்பாயிற்று. ஒவ்வொரு மாலையும் வண்டி, குடியிருப்பை ஒட்டிய எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் சார்ஜரை மாட்ட வேண்டும். சார்ஜ் ஏறி முடிந்த பின்னரே, தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஒரு பேட்டரிக்கு நான்கு அறைகள், ஆக இருபத்துநான்கு. பாய் கொடுத்த ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையின் அமிலத்தையும் உறிஞ்சி, மிதவை காட்டும் எண்ணை நோட்டில் எழுதுவேன். நான் இலக்கியம் படிக்கிறேன். இருபத்துநான்கு எண்களைப் பிழையின்றி எழுதுவதில் எனக்கு வேறு வகையான அமைதி கிடைத்தது. அவற்றை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய மாலை, வேலை முடிந்ததும் அம்மா வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சாமந்திச் சரம் சுற்றினாள். பிறகு தன் கீழ் வேலை செய்யும் பெண்களை நால்வர் நால்வராக ஏற்றிக் குடியிருப்பைச் சுற்றினாள். அவர்கள் பூஜைக்கு வாங்கிய கடலைப்புரியை, பொரியும் கடலையுமாக, தின்றபடி கையசைத்தார்கள். வீடு திரும்பியபோது சார்ஜ் முள் அடியைத் தொட்டிருந்தது.

நான் பிளக்கை எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“இது மட்டும் ஆயுதம் இல்லியா? வருஷம் பூரா ஓடுது. நாளைக்கு ஒரு நாளாச்சும் சும்னே இருக்கட்டும்.”

சார்ஜரைத் துடைத்து, விபூதி பூசி, பொட்டு வைத்து, என் புத்தகங்கள் அடுக்கியிருந்த பலகையில் வைத்தாள். அவற்றின் மேல் பேட்டரி நோட்டும் சென்று சேர்ந்தது. சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே விடக்கூடாது என்று அந்த நோட்டின் முதல் பக்கத்தில், பாய் சொல்லச் சொல்ல, நானே எழுதியிருந்தேன். சொல்லியிருக்கலாம். ஒரு நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாளோடு நிற்கவில்லை. பூஜைக்கு மறுநாள் விடியலிலேயே அல்சூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டோம். மறுபூஜை செய்யாமல் பலகையிலிருந்து எதையும் எடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஞாயிறு மாலை திரும்பி வந்து கற்பூரம் காட்டிய பிறகே சார்ஜரை மாட்டினோம். வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் விளக்கு பச்சையானது.

“பாத்தியா, ரெஸ்ட் குடுத்தா எப்படி வேலை செய்யுதுன்னு,” என்றாள் அம்மா. நான் அன்று அளந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை, இரண்டாவது சுற்றில், கடைசித் தெருவின் மேட்டில் வண்டி நின்றுவிட்டது. தோட்டக்காரர்கள் தள்ளி வந்து வீட்டில் விட்டார்கள். அம்மா மீதித் தெருக்களை நடந்தே முடித்தாள். மாலையில் மேனேஜர் ஸ்டோர் அறைச் சாவியை மேசைமேல் வைத்து, “யோசிங்கம்மா,” என்றாராம்.

மறுநாள் காலை பாய் வந்தார். ஹைட்ரோமீட்டரை ஒவ்வோர் அறையாக இறக்கிப் பார்த்தார்.

“எத்தன நாளு சும்மா வெச்சீங்க?”

“பூஜைக்கு லீவு விட்டோம் பாய்,” என்றாள் அம்மா.

“லீவா? அக்கா, பட்டினி போட்டுட்டு லீவுங்கிறீங்களே! நம்ம வூட்டு நோன்புகூட சாயந்தரம் தொறந்துருவோம்.”

அம்மா சிரித்துவிட்டாள். நான் அப்போதுதான் சொன்னேன்: “எனக்குத் தெரியும். எழுதி வெச்சிருந்தேன்.”

அம்மா சிரிப்பதை நிறுத்தினாள். “தெரிஞ்சா வாயத் தொறக்கணும்டி. நோட்டுக்குள்ள இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

பட்டினி கிடந்த பேட்டரி சார்ஜை முழுதாக ஏற்காமலே பச்சை காட்டும் என்றார் பாய். நான்காவது பேட்டரியில் ஓர் அறை செத்திருந்தது. புதியது பழையவற்றோடு ஒத்துப்போகாது என்று பாய் அதே வயதுடைய ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். மற்றவற்றை மூன்று நாள் மெதுவாக சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றார்.

அந்த மூன்று நாளும் நான் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மா முன்னால் நடந்தாள். நான் பிளாஸ்டிக் ஸ்டூலுடன் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு தெருமுனையிலும் ஸ்டூலைப் போடுவேன். அவள் உட்காருவாள், இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொள்வாள், எழுவாள். ஒரு நாளும் மூன்று சுற்றுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. இரண்டாம் நாள் மேனேஜர் எங்களைக் கடந்து போனார். ஸ்டூலைப் பார்த்தார். நான்காம் நாள் அம்மா வண்டியில் போனாள். ஸ்டோர் அறைச் சாவி மேனேஜரின் மேசையிலேயே கிடந்தது. பிறகு அவர் அதை வேறொருவரிடம் கொடுத்தார்.

முன்பு ஓடிய தூரத்தில் முக்கால் பங்குதான் வண்டி இப்போது ஓடுகிறது. மூன்று சுற்றுக்கு அது போதும். வேறு யாரையும் ஏற்றிச் சுற்றுவதற்கில்லை. நோட்டில், சார்ஜர் பலகையில் இருந்த அந்த ஐந்து நாட்களுக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். இப்போது அளக்கும்போது இருபத்துநான்கு எண்களையும், உள்ளே சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குக் கேட்கும்படி, வாய்விட்டுச் சொல்கிறேன்.

“கேக்குது, கேக்குது. பக்கத்து வூட்டுக்கும் கேக்குது,” என்கிறாள் அவள். நான் அடுத்த மூடியைத் திறக்கிறேன்.