ஒட்டனூர் இறாலும் பாப்பாரப்பட்டிக் கடலும்

காலை ஆறரைக்குத் தருமபுரியில் ஏறி, பென்னாகரத்தில் பேருந்து மாறி, ஏரியூர் வழியாக ஒட்டனூர் பரிசல் துறையில் இறங்கினேன். கையில் மூடி போட்ட வாளி, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார், வெப்பமானி, ஈரச் சாக்கு.

நான் வேதாரண்யத்தில் கடல் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை செய்பவள். பாப்பாரப்பட்டி அருகே மாதம்மாள் என்பவர், தன் பட்டுப்புழு மனையில் காவிரி இறாலைப் பொரிக்க முயல்கிறார். இரண்டு முறையும் குஞ்சுகள் தங்கவில்லை. மூன்றாவதும் போனால் மனையில் மறுபடி புழுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. காரணம் தேடித்தான் இந்தப் பயணம்.

பரிசலுக்கு இருநூறு ரூபாய். பரிசல்காரர் கோவிந்தன் பாறையோரம் இறாலுக்குப் போட்டிருந்த கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஒன்றில் தாய் இறால் இருந்தது. வயிற்றடியில் சாம்பல் நிறத்தில் முட்டைக் கொத்து. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. சிறுகால்களால் ஓயாமல் அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

“புள்ளத்தாச்சிய பஸ்ஸுல கூட்டிட்டுப் போறீங்க. சீட்டு புடிச்சுக் குடுங்க மேடம்,” என்றார் கோவிந்தன்.

பேருந்தில் என் மடியில்தான் வாளிக்கு இடம் கிடைத்தது.

மதியம் பாப்பாரப்பட்டி நிறுத்தத்தில் மாதம்மாளின் கணவர் சின்னசாமி வண்டியோடு நின்றார். “கடலு எங்க வூட்டுலயே இருக்குதுங்க, வாங்க!”

இருந்தது. ஆற்று இறாலாக இருந்தாலும் குஞ்சுகள் வளர உப்பு நீர் வேண்டும். எங்கள் பண்ணையில் கடலைக் குழாயில் இழுத்துக்கொள்வோம். இங்கே உப்பள நீர் நீலக் கேன்களில் லாரியேறி வந்து, தொட்டியில் கிணற்று நீரோடு கலந்திருந்தது.

“மூஞ்சியில பவுடருங்களா?” மாதம்மாள் வாசலில் மறித்தார். “கழுவிட்டு வாங்க. புழு மனைக்கே ஆகாது.”

கழுவிக்கொண்டு உள்ளே போய் உப்பு, சூடு, காற்று மூன்றையும் அளந்தேன். குறையே இல்லை. தாய் இறாலைத் தொட்டியில் விட்டோம்.

மறுநாள் விடியலில் முட்டைகள் பொரிந்திருந்தன. விளக்கைக் காட்டியதும் ஆயிரக்கணக்கான கண்ணாடித் துகள்கள் வெளிச்சத்தை நோக்கி வந்தன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புதிதாகவே இருக்கும் காட்சி. ஆற்றுப் பாறையிடுக்கில் வளர்ந்த தாய். அது பெற்றவை உப்பு நீரில் கண் விழிக்கின்றன.

மாதம்மாள் வலையை எடுத்தார். “இதுவும் போச்சுங்க. மல்லாந்துடுச்சு பாருங்க. கொட்டிடறேன், வெச்சிருந்தா தாய்க்கும் நோவு ஒட்டிக்கும்.”

சாய்ந்த புழுவை அன்றைக்கே அகற்றுவது பட்டு வளர்ப்பில் முதல் ஒழுங்கு. வலை தண்ணீரைத் தொடுமுன் அவர் கையைப் பிடித்தேன்.

“அக்கா, அதுங்க நீந்துறதே அப்படித்தான். மல்லாந்து, வால் முன்னாடி போகும். நிமிர்ந்து நடக்க ஒரு மாசமாவது ஆகும்.”

சின்னசாமி சிரித்துவிட்டார். மாதம்மாள் சிரிக்கவில்லை.

“அப்ப ரெண்டு தடவையும் நான் கொட்டுனது…”

வலையை ஆணியில் மாட்டிவிட்டு, தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பண்ணையில் லட்சக்கணக்கில் பொரியும். மாதிரி எடுத்து எண்ணிவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்வோம். உட்கார்ந்து பார்ப்பவர் எவருமில்லை. நான் கிளம்பும்போது சின்னசாமி உள்ளே குரல் கொடுத்தார்: “மேடம் போறாங்க, வந்து சொல்லிட்டுப் போ. சோறும் ஆறுது.”

“நீங்க பஸ் ஏத்தி வுட்டுட்டு வாங்க,” என்றார் மாதம்மாள், தலையைத் தூக்காமல். “எல்லாம் மல்லாந்துதான் இருக்குதான்னு பாத்துட்டு வரேன்.”