சம்மதப் பட்டியலில் அப்பா

ரயில்வே அளவை அலுவலகத்தில் பதினெட்டு வருடம் வரைபடம் நகலெடுத்தவள் அவள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒருநாள் மேலதிகாரி புது ரயில் பாதை போகவிருந்த காட்டின் படத்தைத் தொட்டு, "இந்த மூணு ஓடையையும் விட்டுடும்மா. மேலிடத்து உத்தரவு," என்றார். காட்டுக்கு அப்பால் அமைச்சரின் மைத்துனருக்குக் கல்குவாரி இருந்தது ஊரறிந்த ரகசியம்.

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்தாள். உச்சிப்பகல், ஒரு பறவைகூடக் கத்தவில்லை. மூன்று ஓடைகளிலும் தண்ணீர் ஓடியது. ஒன்றின் நட்டநடுவில் அளவைக்கல் நட்டிருந்தார்கள். யாரோ பின்னால் நிற்பதுபோல் பிடரி கூசியது. திரும்பினால் மரங்கள்தான், ஒவ்வொன்றிலும் வெட்டுவதற்குக் குறித்த சிவப்பு எண்.

மறுநாளே வேலைக்கு முழுக்குப் போட்டாள்.

"அமைச்சரோட மல்லுக்கட்டப் போறியா? நம்மள நசுக்கிடுவாங்கடி," என்றார் கணவர்.

"படத்துல அழிச்சா ஓடை இல்லாமப் போயிடுமாங்க?"

நான்கு மாதம் படியேறி இறங்கி, ரயில் பாதைக்கு எதிராக அறுநூறு கையெழுத்து வாங்கினாள். விசாரணை நாளில் ரயில்வே தரப்பு வேறொரு பட்டியலை நீட்டியது: காட்டோரத்து நிலக்காரர்கள் எல்லோரும் பாதைக்குச் சம்மதமாம். புரட்டிக்கொண்டே வந்தவளின் விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே துண்டு நிலம் வைத்திருந்த அப்பாவின் கையெழுத்து. பக்கவாதம் வந்தபிறகு போட்ட அதே நடுக்கத்தோடு.

"எங்கப்பா செத்து நாலு வருஷமாச்சு சார்."

அந்தப் பட்டியலுக்குக் கையெழுத்து வாங்கிய ரயில்வே குமாஸ்தா குழம்பிப்போனார். "இல்லம்மா, நேர்லதான் வந்தாரு. இடது காலை இழுத்து இழுத்து நடந்தாரு. பேனாவைக்கூட நான்தான் கையில புடிச்சுக் குடுத்தேன்."

அப்பாவுக்கு இடது கால்தான் விளங்காமல் போயிருந்தது.

இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் பட்டியல் செல்லாது என்றானது. தோண்டத் தோண்ட இன்னும் பதினொரு இறந்தவர்கள் கிடைத்தார்கள். இரண்டு வருட இழுபறிக்குப்பின் பாதை காட்டைச் சுற்றிக்கொண்டு போனது. அமைச்சர் அதையும் தன் சாதனை என்றார். அவளுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நகலகம் ஒன்றில் உட்கார்ந்து பிறருக்கு மனு எழுதிக்கொடுத்தாள்.

பட்டியல் மோசடி என்று அவளே நிரூபித்தாள்தான். ஆனால் அந்தக் குமாஸ்தாவின் முகத்தில் பொய் இருந்ததாக அவளால் ஒருநாளும் சொல்ல முடியவில்லை. அந்த முதல் விசாரணை நாளன்று நடந்ததை வீட்டில் சொன்னபோது, அம்மா நாலு வருஷமாக வாசலிலிருந்து எடுக்காமல் வைத்திருந்த அப்பாவின் செருப்பைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"கால்ல செருப்பு போட்டிருந்தாராமா?"