கால் நீட்டும் திசை

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். உப்பிலியபுரத்திலிருந்து வந்து, கலவை சுமந்து, மேஸ்திரியாகி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் சொந்தமாக மூன்று மாடி எழுப்பினேன். அதில் ஒரு சுவர் கோணல் என்று எந்த இன்ஜினியரும் சொன்னதில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தது என் மாடியில் யோகா நடத்தும் பிரேமலதாவைப் பற்றி.

எடமலைப்பட்டி புதூரில் வீடு. வெல்டர் வேலை பார்த்த கணவர் முதுகு போய்ப் படுத்துவிட்டார். இரண்டு வகுப்பில்தான் குடும்பம் ஓடுகிறது. காலையில் இங்கே வயதானவர்களுக்கு ஹட யோகம். ஓர் ஆசனத்தில் நின்று நிதானிப்பது. மாலையில் புத்தூரில் இளவட்டங்களுக்கு வின்யாசம். மூச்சின் போக்கோடு ஆசனத்திலிருந்து ஆசனத்துக்குப் போய்க்கொண்டே இருப்பது. யோகா ஒன்றுதானே, எதற்கு இத்தனை பெயர் என்று கேட்டேன். கட்டுக்கு ஒரு கலவை, பூச்சுக்கு ஒரு கலவை நீங்கள் வைப்பதில்லையா என்றார். அதோடு நான் கேட்பதை விட்டேன்.

போன மார்கழிக்கு முன் வகுப்பே கலைகிற நிலை. எல்லா ஆசனமும் முடிந்தபின் அசையாமல் மல்லாந்து கிடப்பது சவாசனம். என் ஹால் தெற்கு வடக்காக நீளம். தெற்கே தலை வைத்தால் கால் வடக்கே, கோயில் பக்கம் போகிறது. ஒரு நாள் அப்படிப் படுத்திருந்த ஜெகதாம்பாள் மாமி சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். அவர் சொல்லித்தான் எங்கள் தெருவே வகுப்புக்கு வந்திருந்தது.

"பெருமாளுக்கு நேரா காலை நீட்டிண்டு, அதுவும் சவம்னு பேரு வெச்சுண்டு படுக்கணுமாடி? நான் வரலை."

பிரேமலதா பதறவில்லை. பதறவும் தெம்பில்லாத முகம். "பேரு போகட்டும் மாமி, சாந்தி ஆசனம்னும் சொல்லுவாங்க. தலைய வடக்க திருப்பிக்கிறீங்களா?"

"வடக்கே தலை வெச்சு யாராவது படுப்பாளா?"

எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். அந்தப் படுக்கையையே எடுத்துவிடு, கூட்டமாவது மிஞ்சும் என்றேன் நான். பிரேமலதா படிக்கட்டில் உட்கார்ந்து கால் ஆடுசதையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"கான்கிரீட் போட்டுட்டு தண்ணி ஊத்தாம விடுவீங்களாங்க? செஞ்சதெல்லாம் உடம்புல இறங்குறது படுக்கிறப்பதான்."

எனக்கே பாடமா என்று வந்தது. ஆனால் சொன்னது சரி. டேப்பை எடுத்து ஹாலைக் குறுக்கே அளந்தேன். கிழக்கே தலை, மேற்கே கால் என்று போட்டால் பாதிப் பேருக்குத்தான் இடம். சுவரை இடிக்கவா என்றேன். இடித்தாலும் அந்தப் பக்கம் அடுத்தவன் வீடு.

 காலை வகுப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன் என்றார் பிரேமலதா. அதே சம்பளத்துக்கு இன்னொரு வகுப்பு.

மறுநாள் சேதி கேட்டு வந்த மாமி குறுக்கே பாய் விரித்துப் பார்த்து, "இப்ப சரி" என்று படுத்தார். தெருவும் வந்து படுத்தது. அன்றிலிருந்து ஒரு வகுப்பும் குறையவில்லை. பிரேமலதா விடியும்முன் முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். ஒரு கூட்டத்தைப் படுக்கவைத்து, எழுப்பி அனுப்பி, அடுத்த கூட்டத்தைப் படுக்கவைக்கிறார்.

நேற்று எல்லோரும் போனபின் ஹாலைப் பூட்டப் போனேன். சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். பத்து நிமிஷம் நீயும் படும்மா, பூட்டு காத்திருக்கும் என்றேன்.

"வீட்டுல அவருக்கு மாத்திரை கொடுக்கணுங்க," என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.